நின்ற மோட்டாரும் துண்டித்த மோட்டாரும்

மின்விசிறியைக் கழற்ற வரும் எலக்ட்ரீஷியன் முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கிறார். அதோடு விடுவதில்லை. மெயின் போர்டுக்குப் போய் பியூஸ் கட்டையைப் பிடுங்குகிறார். பிடுங்கியதை மீட்டர் பெட்டியின் மேல் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறுகிறார். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது அதிகப்படியான ஜாக்கிரதையாகத் தோன்றலாம். சுவிட்ச் அணைந்தது, விசிறியும் நின்றது. அப்புறம் கட்டையைப் பிடுங்குவானேன், பிடுங்கியதைப் பைக்குள் வைப்பானேன்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால், தொழிற்சாலை மோட்டார்களுக்கும் சூடேற்றிகளுக்கும் உலகெங்கும் எழுதி வைத்திருக்கும் துண்டிப்பு விதிகளின் சாரம் பிடிபட்டுவிடும். அந்த விதிகள் வெறும் சம்பிரதாயம் போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு இயற்பியல் காரணம் இருக்கிறது. இயந்திரத்துக்குள் கைவிட்ட ஒரு மனிதரின் உயிரும் இருக்கிறது.

கட்டையைப் பிடுங்குவதை முதலில் பார்ப்போம். சுவிட்சை அணைத்தால் கரண்ட் போய்விட்டது என்று சொல்கிறோம். போனது ஓட்டம் மட்டுமே. அழுத்தமும் போனதா என்பது சுவிட்ச் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே குளியலறைக் குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் ஓடாது. ஆனால் மேலிருந்து கீழ்வரை குழாய் நிறையத் தண்ணீர் நிற்கிறது, நடுவில் ஒரு ஆணி இறங்கினால் பீய்ச்சி அடிக்கும். தொட்டியடியில் உள்ள கேட் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருப்பதை வடித்த பிறகுதான் அதில் கைவைக்கலாம். வயரிங் செய்தவர் பேஸ் கம்பியில் போட வேண்டிய சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டுவிட்டாலும் இதே கதைதான். பல்பு அணைகிறது, விசிறி நிற்கிறது, சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்வதாகவே தோன்றுகிறது. ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து காத்திருக்கிறது. ஓட்டத்தைக் கண்டுகொள்ள நமக்குக் கண்ணும் காதும் இருக்கின்றன: பல்பு எரியும், விசிறி சுழலும், மோட்டார் இரையும். அழுத்தத்துக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. தொட்டால்தான் தெரியும் என்ற நிலையில் அதை விட்டுவைக்கக் கூடாது என்பதுதான் துண்டிப்பு விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இப்போது தொழிற்சாலைக்குள் வருவோம். ஒரு கன்வேயர் மோட்டார். பக்கத்தில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். சிவப்பை அமுக்கினால் மோட்டார் நிற்கிறது. ஆனால் சிவப்புப் பொத்தான் வழியாக மோட்டாரின் மின்சாரம் போவதே இல்லை. பேனல் போர்டுக்குள் கான்டாக்டர் என்றொரு கருவி இருக்கிறது. அதில் ஒரு காயில். காயிலுக்கு மின்சாரம் வந்தால் அது காந்தமாகி ஒரு இரும்புத் துண்டை இழுக்கிறது. இரும்போடு சேர்ந்து மூன்று தொடுமுனைகள் நகர்ந்து மூன்று பேஸையும் மோட்டாரோடு இணைக்கின்றன. சிவப்புப் பொத்தான் வெட்டுவது அந்தக் காயிலுக்குப் போகும் சிறு மின்சாரத்தை. காந்தம் தளர்ந்ததும் ஸ்பிரிங் தொடுமுனைகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அதாவது சிவப்புப் பொத்தான் மோட்டாருக்கு அனுப்புவது ஒரு வேண்டுகோள். அது நிறைவேறுவது காயில், ஸ்பிரிங், தொடுமுனை என்ற மூன்று இடைத்தரகர்களின் கையில் இருக்கிறது. வேண்டுகோள் விடும் உரிமையும் அந்தப் பொத்தானுக்கு மட்டும் உரியதல்ல. தொட்டியின் மிதவை சுவிட்ச், டைமர், கட்டுப்பாட்டு அறையின் கணினி என யார் வேண்டுமானாலும் அந்தக் காயிலை உயிர்ப்பிக்கலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடத் தொடங்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்திய கிணற்று மோட்டாரைத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் அந்த மோட்டாரின் கப்ளிங்கில் கைவைப்பவர் மின்சாரம் எப்போது வரும் என்று அறியாமல் கைவைக்கிறார்.

வேண்டுகோள் நிறைவேறாமல் போவதும் உண்டு. தொடுமுனைகள் ஒவ்வொரு முறை மூடும்போதும் திறக்கும்போதும் சிறு பொறி எழுகிறது. அந்தச் சூட்டில் வெள்ளிக் கலவைப் பரப்பு கொஞ்சம் உருகிக் குளிர்கிறது. ஒருநாள் உருகியது உருகியபடியே ஒட்டிக்கொள்கிறது. மூன்றில் இரண்டு முனைகள் பிரிந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டால் என்ன நடக்கும்? ஒரே கம்பி வழியாக வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை, ஓட்டம் நின்றுவிடும். மோட்டார் கல்லைப் போல அசையாமல் நிற்கும், இரைச்சல்கூட இருக்காது. ஆனால் ஒட்டிய முனை வழியாக அழுத்தம் உள்ளே வந்து, சுருள்கள் வழியே பரவி, மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் உள்ள மூன்று போல்ட்டிலும் எர்த்துக்கு எதிராக 240 வோல்ட் ஏறி நிற்கும். பெட்டியைத் திறப்பவர் கண்ணுக்கு நின்ற மோட்டாரும் துண்டித்த மோட்டாரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 1989-ல் வெளியிட்ட விதி இந்த இடத்தில் தயக்கமே காட்டவில்லை: பொத்தான்கள், தேர்வுச் சுவிட்சுகள், கட்டுப்பாட்டுச் சுற்றில் உள்ள மற்ற கருவிகள் எவையும் ஆற்றலைத் துண்டிக்கும் கருவிகள் ஆகா என்று அது வரையறையிலேயே சொல்லிவிட்டது. சிவப்புக் காளான் தலையோடு இருக்கும் அவசர நிறுத்தப் பொத்தானுக்கும் இது பொருந்தும். ஓடுவதை நிறுத்த அது மிகச் சிறந்த கருவி. பழுது பார்க்க அதை நம்பி உள்ளே கையை விடக் கூடாது.

சூடேற்றிகளிடம் இன்னும் கவனம் வேண்டும். மோட்டார் ஆபத்தானது என்பதைச் சுழன்று காட்டிவிடுகிறது; சூடேற்றி எதையும் காட்டுவதில்லை. பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரத்தின் குழலைச் சுற்றி வளையல்கள் போல பேண்ட் ஹீட்டர்கள் இறுகியிருக்கும். ஒரு வளையம் சூடாகவில்லை என்றுதான் பழுது பார்க்கக் கூப்பிடுவார்கள். சூடாகாததற்கு வழக்கமான காரணம், உள்ளே இருக்கும் நிக்கல்-குரோமியக் கம்பி எங்கோ அறுந்துபோனது. அறுந்த கம்பியில் ஓட்டம் இல்லை, அதனால் சூடும் இல்லை. ஆனால் பேஸ் பக்கத்துப் பாதி, அறுந்த முனை வரைக்கும், முழு அழுத்தத்தோடு இருக்கிறது. இரண்டு பேஸ்களுக்கு நடுவே இணைத்த ஹீட்டராக இருந்தால் இரண்டு பாதியும் அப்படியே. தொட்டுப் பார்த்தால் சில்லென்றிருக்கும் ஹீட்டர்தான் ஸ்பேனர் பட்டதும் கொல்லக்கூடியது. தெர்மோஸ்டாட்டும் நம்மைக் காப்பாற்றாது. சூடு போதும் என்றதும் ஓட்டத்தை நிறுத்த ஒரு கம்பியை வெட்டினாலே போதும் என்பதால் பலவற்றில் ஒரு கம்பியை மட்டுமே வெட்டும்படி அமைக்கிறார்கள். மறு கம்பி வழியாக அழுத்தம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். குளிர்ந்ததும் தானாகவே மறுபடி இணைந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. தொடுமுனைக்குப் பதிலாகக் குறைகடத்தி ரிலே பொருத்திய புதிய பேனல்களில் அணைத்த நிலையிலும் சில மில்லி ஆம்பியர் கசிகிறது. அந்த ரிலே கெட்டுப்போனால் பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே கெட்டுப்போகிறது. இதையெல்லாம் தெரிந்துதான் அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, தெர்மோஸ்டாட்டைத் துண்டிப்புக் கருவியாக ஏற்க வேண்டுமானால் அதில் அணைத்த நிலை தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த நிலையில் உயிருள்ள எல்லாக் கம்பிகளும் நேரடியாகத் திறக்க வேண்டும், கையால் அணைத்த பிறகு தானாக எக்காரணத்தாலும் இணையக் கூடாது என்று நிபந்தனை வைக்கிறது. 2017 பதிப்பில் தொழிற்சாலைச் சூடேற்றிகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவும் அதில் சேர்ந்தது. ஹீட்டர், அதன் கூடவே உள்ள ஊதல் மோட்டாரின் ஸ்டார்ட்டர், இடையில் உள்ள பியூஸ்கள் எல்லாம் ஒரே நேரத்தில் துண்டாக வேண்டும் என்பது அந்தப் பிரிவின் ஒரு நிபந்தனை.

ஆக, நிறுத்துவதற்கு ஒரு கருவி, துண்டிப்பதற்கு வேறொரு கருவி. பட்டறைகளில் ஐசொலேட்டர் என்று வழங்கும் இந்த இரண்டாவதைத் துண்டிப்பான் என்று அழைக்கலாம். அதனுள் நடப்பது மிக எளிது: செம்புக்கும் செம்புக்கும் நடுவில் காற்று. காற்று நல்ல காப்புப் பொருள். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். 415 வோல்ட்டுக்கு இம்மியளவு இடைவெளி போதுமே என்று தோன்றும். ஆனால் இடி இடித்தால் கம்பியில் ஓடிவரும் அழுத்த அலையையும், உள்ளே படியும் பஞ்சுத் தூசியையும், மழைக்கால ஈரத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அதனால்தான் துண்டிப்பான் என்ற பெயர் பெற விரும்பும் சுவிட்சின் திறந்த இடைவெளியைச் சாதாரணச் சுவிட்சைவிடக் கடுமையான அலை அழுத்தத்தால் சோதிக்கிறார்கள். எல்லாப் பேஸ்களும் ஒரே தண்டில் கோத்துச் சேர்ந்தே திறக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. ஒன்று மட்டும் தங்கிவிட்டால் மேலே பார்த்த 240 வோல்ட் கதைதான்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது கைப்பிடியின் நேர்மை. இடைவெளி பெட்டிக்குள் இருக்கிறது; நமக்குத் தெரிவதெல்லாம் வெளியே உள்ள கைப்பிடிதான். உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்க, கைப்பிடி மட்டும் ஆஃப் பக்கம் திரும்பிவிட்டால் என்ன செய்வது? இதற்குச் சர்வதேசத் தரநிலையில் உள்ள சோதனை அழகானது. புதுச் சுவிட்சை எடுத்து, அதன் தொடுமுனைகளை வேண்டுமென்றே பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கைப்பிடியை, சாதாரணமாகத் தேவைப்படும் விசையைப் போல மூன்று மடங்கு விசையால் ஆஃப் பக்கம் திருப்புகிறார்கள். அப்போது கைப்பிடி ஆஃப் என்ற இடத்தில் போய் நிற்கக் கூடாது. அதில் பூட்டும் போட முடியக் கூடாது. முறுக்கிய கை தளர்ந்த பிறகும் அது ஆஃப் என்று காட்டக் கூடாது. பழுதாகலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு கருவியிடம் கேட்கும் சோதனை இது. கான்டாக்டரிடம் இந்த வாக்குறுதியை யாரும் கேட்பதில்லை, துண்டிப்பானிடம் கேட்கிறோம். கையில் கிடைத்த விலைகுறைந்த சுழல் சுவிட்சை ஐசொலேட்டர் என்று பெட்டியில் மாட்டி வைப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை.

கைப்பிடி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதற்கு வலுவும் வேண்டும். எவ்வளவு வலு என்பதில் மோட்டாரும் சூடேற்றியும் பிரிகின்றன. 7.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை 415 வோல்ட் மும்முனையில் இணைத்தால் ஏறக்குறைய 10.4 ஆம்பியர் எடுக்கும். இணைத்த கணத்திலும் அவ்வளவுதான், எட்டு மணி நேரம் கழித்தும் அவ்வளவுதான். அதே 7.5 கிலோவாட் மோட்டார், அதாவது 10 குதிரைத்திறன், ஓடும்போது 14 ஆம்பியரை ஒட்டி எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஆறு மடங்கு, சுமார் 85 ஆம்பியர். ஓடும் மோட்டார் உள்ளுக்குள் ஒரு எதிர் அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டு வரும் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிறது. நிற்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லை. ஓடும் மோட்டாரைத் துண்டிப்பது அதனால் எளிது. சுழன்றுகொண்டே இருக்கும் சுழலி எதிர்ப்புறத்திலும் ஏறக்குறைய அதே அழுத்தத்தைக் காட்டுவதால், பிரியும் முனைகளுக்கு நடுவில் மிஞ்சுவது சிறு வித்தியாசமே; கான்டாக்டர்களின் ஆயுள் சோதனையில் இதை முழு அழுத்தத்தில் 17 சதவீதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் கன்வேயரில் யாருடைய கையோ சட்டையோ சிக்கி மோட்டார் முறுகி நின்றுவிட்டது என்று வையுங்கள். ஆறு மடங்கு மின்சாரம் ஓடுகிறது, எதிர் அழுத்தம் துளியும் இல்லை. பதறி ஓடிவரும் ஒருவர் துண்டிப்பானைப் பிடித்து இழுப்பது மிகச் சரியாக அந்தக் கணத்தில்தான்.

அந்தக் கணத்தில் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். மோட்டார் சுருளில் ஓடும் மின்சாரம் இறக்கத்தில் வரும் பாரவண்டி போன்றது. நிறுத்து என்றதும் நிற்காது. காந்தப்புலத்தில் சேர்த்து வைத்த ஆற்றல் தீரும்வரை ஓடியே தீருவேன் என்று தள்ளுகிறது. செம்புகள் பிரியும்போது கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்த புள்ளி உருகி ஆவியாகி, நடுவில் உள்ள காற்றையே கடத்தியாக மாற்றிவிடுகிறது. பல ஆயிரம் டிகிரி சூட்டில் எரியும் இந்த ஒளிப்பாலத்துக்கு மின்வில் என்று பெயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டம் நொடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொடுகிறது. அந்த நொடித்துளிகளில் வில் தானாக அணையும். அணைந்த இடம் அடுத்த அலை எழுவதற்குள் குளிர்ந்துவிட்டால் பிழைத்தோம்; குளிராவிட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும். முனைகளை ஸ்பிரிங் விசையால் சட்டென்று பிரிப்பதும், வில்லை உலோகத் தகடுகளின் அடுக்குக்குள் துரத்தித் துண்டு துண்டாக்கிக் குளிர்விப்பதும் இதற்காகத்தான். சர்வதேசத் தரநிலை சுவிட்சுகளை இந்தத் திறமையின்படி வகுக்கிறது. ஏசி-21 என்ற வகை, சூடேற்றி போன்ற தடைச் சுமைகளுக்கு. குறித்த மின்சாரத்தில் ஒன்றரை மடங்கை இணைக்கவும் வெட்டவும் தெரிந்தால் போதும். மோட்டார்களுக்கான ஏசி-23 வகை பத்து மடங்கை இணைத்து எட்டு மடங்கை வெட்டிக் காட்ட வேண்டும். இரண்டின் மேலும் 32 ஆம்பியர் என்றே எழுதியிருக்கலாம். ஹீட்டருக்கான சுவிட்சை மோட்டாரில் மாட்டியவர் அந்த எண்ணை மட்டும் பார்த்திருப்பார்; சிக்கிய மோட்டாரை வெட்டும்போது பெட்டியே வெடிக்கலாம்.

சூடேற்றிக்கு அப்படியானால் எந்தச் சுவிட்சும் போதுமா என்றால், அதற்கு வேறு விதமான சோதனை இருக்கிறது. மோட்டார் சுவிட்சின் மணிக்கட்டைச் சோதிக்கிறது; ஹீட்டர் அதன் பொறுமையைச் சோதிக்கிறது. முழுச் சுமையும் இடைவிடாமல் மணிக்கணக்கில் ஓடும்போது, முறுக்குத் தளர்ந்த ஒரு திருகோ கறுத்துப்போன ஒரு முனையோ மெல்லச் சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்து, மேலும் சூடாகிறது. பேனலில் கருகிய பேக்கலைட் வாசனை வருவதற்குள் பல மாதம் ஓடியிருக்கும். இதனால் அமெரிக்கத் தொகுப்பு, சூடேற்றிக்கான துண்டிப்பான் அதன் சுமையில் 125 சதவீதமாவது தாங்க வேண்டும் என்கிறது, நம் 10.4 ஆம்பியர் ஹீட்டருக்கு அது 13 ஆம்பியர். மோட்டாருக்கோ ஓட்ட மின்சாரத்தில் 115 சதவீதம் போதும், ஆனால் அதோடு குதிரைத்திறன் மதிப்பும் சுவிட்சில் இருக்க வேண்டும். கிளம்பும் கணத்தையும் சிக்கி நிற்கும் கணத்தையும் தாங்கும் என்பதற்கு அந்தக் குதிரைத்திறன் எண்தான் சாட்சி.

நல்ல துண்டிப்பான் கிடைத்தாயிற்று; எங்கே வைப்பது? அமெரிக்கத் தொகுப்பின் விடை, மோட்டாரிலிருந்தும் அது ஓட்டும் இயந்திரத்திலிருந்தும் பார்வையில் படும்படி. பார்வை என்பதற்கும் அளவு உண்டு: கண்ணுக்குத் தெரிய வேண்டும், 50 அடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. மோட்டாரிடம் குனிந்திருப்பவர் தலையைத் தூக்கினால் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது, யார் அதனருகே போகிறார்கள் என்று தானே பார்க்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இந்தியாவின் 1956 மின்சார விதிகளிலும் ஏறக்குறைய இதே கருத்து இருந்தது. ஒரு இயந்திரத்தை ஓட்டும் மோட்டாருக்கோ மோட்டார் தொகுதிக்கோ, அதை அடுத்தே, பொறுப்பாளர் எளிதில் எட்டி இயக்கும்படி, முழு மின்வழங்கலையும் வெட்டும் இணைப்புச் சுவிட்சோ அதற்கு ஈடான கருவியோ இருக்க வேண்டும் என்றது அதன் 50-ஆம் விதி. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த ஒழுங்குமுறையும் அதைத் தொடர்ந்தது. அருகில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்திய 50-ஆம் விதி பூட்டைப் பற்றிப் பேசவில்லை. பூட்டு வேறு சட்டத்திலிருந்து வந்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் 1976 திருத்தம் ஒரு உட்பிரிவைச் சேர்த்தது: மின்விசையை வெட்டும் கருவி தற்செயலாக ஆன் பக்கம் நகரக்கூடியதாக இருந்தால், அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்றது அது. மின்சார விதியை மட்டும் படித்தவர் அருகாமையோடு நிறுத்திக்கொள்கிறார். தொழிற்சாலைச் சட்டத்தை மட்டும் படித்தவர் பூட்டோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பியூஸ் கட்டையும் சட்டைப் பையும் சேரும்.

சட்டைப் பையைப் பற்றிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். துண்டிப்பு என்பது செம்பு பிரிந்திருக்கும் நிலை மட்டும் அல்ல. அதை மறுபடி சேர்க்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதும் அதில் அடங்கும். ஆபத்தில் இருக்கும் உடலும் அந்த அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை என்பதற்கு ஓஷா விதியிலேயே சான்று இருக்கிறது. பிளக் செருகி ஓடும் கருவியைப் பழுது பார்ப்பவர், பிளக்கைப் பிடுங்கி அதைத் தன் பிடியிலேயே வைத்திருந்தால் பூட்டு நடைமுறை எதுவும் வேண்டாம் என்று அது விலக்கு அளிக்கிறது. பிடுங்கிய கட்டையைப் பையில் வைக்கும் எலக்ட்ரீஷியன் எந்த விதியையும் படிக்காமலே அதே தர்க்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பிளக்கையும் கட்டையையும் போல 100 ஆம்பியர் துண்டிப்பானைப் பையில் போட முடியாது. அதனால் கைப்பிடியில் துளை போட்டு, பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போடுகிறோம். ஐந்து பேர் வேலை செய்தால் ஐந்து பூட்டுகள் மாட்டும் கவ்வி இருக்கிறது. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை கைப்பிடி நகராது.

இதற்கு எதிராக எழும் கேள்விகளில் ஒன்று நியாயமானது. பேனல் அறையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனி பிரேக்கர் இருக்கிறது, அதையே பூட்டிக்கொள்ளலாமே, மோட்டார் பக்கத்தில் இன்னொன்று எதற்கு என்பது அது. செலவு மட்டும் இதில் பிரச்சினை இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் இறங்கியிருக்கும் மோட்டாருக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. எரியக்கூடிய ஆவி சூழ்ந்த இடத்தில் பொறி எழுப்பும் ஒரு பெட்டியைக் கூடுதலாக வைப்பது ஆபத்தைக் கூட்டும். வேக மாற்றி மூலம் ஓடும் மோட்டாரில், மாற்றிக்கும் மோட்டாருக்கும் நடுவே ஓடும்போது வெட்டினால் மாற்றியே பழுதாகலாம். அமெரிக்கத் தொகுப்பும் இவற்றை ஒப்புக்கொள்கிறது. பார்வையில் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாததாகவோ கூடுதல் ஆபத்தாகவோ இருந்தால், அல்லது எழுதப்பட்ட பாதுகாப்பு நடைமுறையும் தகுதி பெற்ற ஆட்களும் உள்ள தொழிற்சாலையாக இருந்தால், தொலைவில் உள்ள துண்டிப்பானைப் பூட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. பூட்டு மாட்டும் ஏற்பாடு, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எப்போதும் அங்கேயே நிலையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஆனாலும் ஒரே மாதிரி பத்துக் கதவுகள் வரிசையாக நிற்கும் பேனல் அறையில் மூன்றாம் பம்புக்குப் பதில் நான்காம் பம்பைப் பூட்டிவிட்டு வருவது எவருக்கும் நேரக்கூடியது. கேபிளை மாற்றிப் போட்ட பிறகு பெயர்ப்பலகையை மாற்ற மறந்திருந்தால், சரியாகப் பூட்டியவரும் தவறாகவே பூட்டியிருப்பார். மோட்டாரின் பக்கத்திலேயே இருக்கும் கைப்பிடிக்கு இந்தக் குழப்பம் மிகக் குறைவு. விலக்கு நியாயமானதுதான், அதை வழக்கமாக்கிக்கொள்வது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

எந்த இடத்தில் பூட்டினாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: மின்சாரம் இல்லை என்று சோதித்துப் பார்ப்பது. ஒளிரும் டெஸ்டர் இதற்கு நம்பத்தக்கதல்ல. ரப்பர் செருப்போடு மரப்பலகையில் நிற்பவர் கையில் அது மங்கலாகவே எரியலாம், உள்ளே பல்பு போயிருந்தால் எரியவே எரியாது. எரியாததை மின்சாரம் இல்லை என்று படித்துவிடுவோம். அதனால் முறையான சோதனைக்கு மூன்று படி: உயிருள்ளது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு இடத்தில் மீட்டரை வைத்துப் பார், பிறகு வேலை செய்யப்போகும் முனைகளில், பேஸுக்கும் பேஸுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும் பார், மறுபடி உயிருள்ள இடத்துக்குப் போய் மீட்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார். மூன்றாவது படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வேக மாற்றி இருந்தால் கொஞ்ச நேரம் காத்திருக்கவும் வேண்டும். 415 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கி ஏறக்குறைய 585 வோல்ட்டில் அதன் மின்தேக்கிகள் சேர்த்து வைத்திருக்கின்றன. துண்டித்த பிறகும் அது வடிய நிமிடக் கணக்கில் ஆகும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் இதுதான்.

இவ்வளவும் செய்தால் உற்பத்தி என்னாவது என்ற கேள்வி கடைசியாக வரும். சிக்கிய துணியை எடுக்க இரண்டு நிமிடம், பூட்ட, சோதிக்க, திறக்கப் பத்து நிமிடம். கணக்கு உண்மைதான். ஆனால் துணி அடிக்கடி சிக்குகிறது என்றால் சரிசெய்ய வேண்டியது இயந்திரத்தை. பூட்டைத் தவிர்ப்பது அதற்கு மருந்தாகாது. பூட்டும் உற்பத்தியும் மோதும் மிகக் கடினமான இடம் வேறு: ஷிப்ட் முடிந்து, பூட்டைக் கழற்ற மறந்து, சாவியோடு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். இயந்திரம் நிற்கிறது, மேற்பார்வையாளர் கையில் பூட்டை வெட்டும் கத்தரி இருக்கிறது. வெட்டலாமா? ஓஷா விதி வெட்டலாம் என்கிறது, மூன்று காரியத்தைச் செய்த பிறகு. அந்த ஆள் ஆலைக்குள் எங்கும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அவரைத் தொடர்புகொண்டு பூட்டை எடுக்கப்போவதைச் சொல்ல இயன்ற முயற்சி எல்லாம் எடுக்க வேண்டும். அவர் அந்த ஆலையில் மறுபடி வேலை தொடங்குவதற்கு முன்னால், உன் பூட்டு இப்போது அங்கே இல்லை என்று அவரிடம் சொல்லியாக வேண்டும்.